பாண்டியனுக்கு ஜீர்ணோத்தாரணம்

“என்ன வண்டிப்பா வாங்கியிருக்க?” என்று மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள்.

“பாண்டியாக்.”

“பாண்டியனா?”

“பாண்டியாக்கும்மா. இந்த ஊர்ப் பூர்வகுடித் தலைவர் ஒருத்தர் பேரு. 1763-ல இங்கிலீஷ்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவர்.”

“நம்ம கட்டபொம்மன் மாதிரின்னு சொல்லு. புது வண்டிதானே?”

“1966 மாடல்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: “வேலை ஏதும் போயிருச்சாப்பா?”

வேலை போகவில்லை. கோளாறே அந்த வேலையில்தான் தொடங்கியது. டெட்ராய்ட்டை ஒட்டிய ராயல் ஓக்கில் குடியிருக்கிறேன். மோட்டார் தொழிலில் உத்தியோகம். ஊரில் விசாரித்தால், “பையன் அமெரிக்காவுல கார் செய்றான்” என்பார்கள். நான் செய்வது கார் அல்ல. பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது. அந்த டிங் எத்தனை நொடி கழித்து வரலாம், எவ்வளவு உரக்க வரலாம், பின்னிருக்கையில் அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தாலும் வர வேண்டுமா என்று பதினோரு வருடமாகக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். ஒரு நட்டைக்கூடக் கையால் திருகியதில்லை. நாற்பத்தைந்து வயதில் இது திடீரென்று உறுத்தியது. அந்த வயதில் சிலர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். நான் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்த காரை வாங்கினேன்.

வாங்க வைத்தது அதன் முகத்தில் இருந்த மூன்றெழுத்து: ஜிடிஓ. கார்ப் பித்தர்களிடம் இந்த எழுத்துகளைச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். நடுத்தர உடம்புக்குள் பெரிய காரின் எஞ்சினைத் திணித்தால் அது மசில் கார். அந்த வம்சத்துக்கு மூல புருஷன் என்று பெரும்பாலோர் சொல்வது இந்த ஜிடிஓவைத்தான்.

அது பிறந்த கதை நம்மவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் கட்டளை போட்டிருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அந்தக் கட்டளையை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார்கள். தடை மாடலுக்குத்தானே? வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கும் ‘கூடுதல் வசதி’க்கு? ஏகாதசிக்குச் சோறுதான் ஆகாது என்று பன்னிரண்டு இட்லி சாப்பிடுகிற அதே தர்மம். 1964-இல் லெமான்ஸ் என்ற சாதுவான காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை இறக்கி, 300 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு விலை வைத்து, ஃபெராரி வைத்திருந்த பெயரையே எடுத்துச் சூட்டினார்கள். 5,000 வண்டிக்குத்தான் முதலில் அனுமதி. விற்றது 32,450. மேலிடம் கட்டளையை மறந்துவிட்டது. 1966-இல் ஜிடிஓ தனி மாடலாகி, அந்த ஒரே வருடத்தில் 96,946 விற்றது. அந்தத் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று என் வீட்டு கராஜில் வந்து இறங்கியது.

இறங்கியது என்றால், லாரியிலிருந்து. அன்றைக்கு வெளியே போன என் மனைவியின் கார் இரண்டு குளிர்காலம் வெளியேதான் நின்றது. காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே அவள் கேட்பாள்: “ஏங்க, ஓடுற வண்டி பனியில நிக்குது, ஓடாத வண்டி வீட்டுக்குள்ள தூங்குது. இது எந்த ஊர் நியாயம்?” பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு நான் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

அடியில் படுத்தபோதுதான் தரை வழியாக வானம் தெரிந்தது. அதாவது காரின் தரை. மிச்சிகனில் பனி விழுந்தால் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. டெட்ராய்ட் நகருக்கு நேர்கீழே, ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே காரைச் செய்து, கீழே அதைத் தின்னும் உப்பையும் தோண்டி எடுக்கும் இப்படி ஒரு தன்னிறைவான ஊரை வேறெங்கும் பார்க்க முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். என் வண்டி நினைத்திருக்கிறது. அதன் உள்ளளவு முழுவதும் துரு.

எங்கே தகரம், எங்கே துருவை மறைக்கப் பூசிய பட்டி என்று தெரிய வேண்டுமானால் காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்த ஒரே காந்தம், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மீனாட்சியம்மன் கோபுரம். மகள் அதை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். கோபுரம் நின்ற இடம் தகரம். நழுவி விழுந்த இடம் பட்டி. கதவில் நின்றது. பின்சக்கரத்துக்கு மேலே நழுவியது. டிக்கி ஓரத்தில் நழுவியது. “அப்பா, சாமி இந்த வண்டியில இருக்கவே மாட்டேங்குது” என்றாள். சுரண்டியபோது சில இடங்களில் பட்டி அரை அங்குலம் இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் டிங்கரிங் செய்யவில்லை, சிற்பம் செய்திருந்தார்.

கழற்றுவது எளிது. இதை யாரும் எச்சரிக்கவில்லை. மூன்று வாரத்தில் வண்டி முந்நூறு பிளாஸ்டிக் பைகளாயிற்று. ஒவ்வொரு பைமேலும் விவரம் எழுதி ஒட்டினேன். முதல் வாரத்துப் பைகளில் ‘இடது முன் மட்கார்டு, மேல் போல்ட், வாஷருடன்’ என்றிருக்கும். இரண்டாம் வாரம் ‘முன்பக்கம்’. மூன்றாம் வாரம் ‘இது என்ன?’ ஒரு வருடம் கழித்துப் பூட்ட உட்கார்ந்தபோது ‘இது என்ன?’ என்று மட்டும் நாற்பத்தோரு பைகள் இருந்தன. கேள்வி கேட்டவனும் நானே, விடை தெரியாதவனும் நானே.

தரைக்குப் புதுத் தகடு வைத்து, துரு தின்ற இடமெல்லாம் வெட்டி ஒட்டி, ஒருவழியாக எஞ்சினை எழுப்பும் நாள் வந்தது. எட்டு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்ற ஒரு வரிசை உண்டு: 1-8-4-3-6-5-7-2. இதை வங்கி ரகசிய எண்போல மனப்பாடம் செய்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு ஒயரையும் அதே வரிசையில் கோத்தேன். சாவியைத் திருப்பினேன். தீபாவளிக்குக்கூட எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வந்து, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

எதிர்வீட்டுப் பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். எண்பதை நெருங்கும் வயது. பத்தொன்பது வயதில் இங்கேயே ஒரு கார் ஆலையில் சேர்ந்து கதவு மாட்டி ஓய்வு பெற்றவர். எந்த ஆலை என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒயர்களைப் பார்த்துவிட்டு, “வரிசை சரி. எந்தப் பக்கமாகச் சுற்றினாய்?” என்றார்.

வலப்பக்கமாக. கோயில் சுற்றி வளர்ந்தவன் வேறு எந்தப் பக்கமாகச் சுற்றுவான்? பாண்டியாக்கின் டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழி என்றார் அவர். அப்பிரதட்சிணமாக மாற்றிக் கோத்ததும் எஞ்சின் ஒரு கனைப்புடன் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத வராது. புலிக்குச் சளி பிடித்தாற்போல என்று சொல்லலாம்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நான் இரண்டு மாதம் உழைத்திருந்தேன். விரலை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். “தப்பு. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் சுண்டுவிரல் போகும், மறுபக்கம் கட்டைவிரல் போகும். ஒரு கதவுக்கு ஒரு நிமிடம் கொடுப்பார்கள். நாங்கள் யாரும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லையப்பா.”

பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு வருடம் உழைத்திருக்கிறேன். அந்தப் பழைய நிலை அன்றைக்கே இல்லையாம். நம் ஊரில் ஜீர்ணோத்தாரணம் என்று கோபுரத்துக்கு நீலமும் ரோஜா நிறமுமாக அடித்துவிட்டு, “தாத்தா காலத்துல இப்படித்தான் இருந்துச்சு” என்பார்களே, அந்தத் திருப்பணியை நான் தகரத்தில் செய்திருக்கிறேன்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தார். கீல் இருக்கும் தூணில் அறைந்திருந்த சிறு தகட்டைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “237.”

“அப்படியென்றால்?”

“1966 ஜிடிஓ என்றால் 242 என்று தொடங்க வேண்டும். 237, லெமான்ஸ்.”

பதின்மூன்று இலக்க எண் அது. வண்டிப் பத்திரத்தில் இருந்தது. காப்பீட்டுப் படிவத்தில் நானே என் கையால் எழுதியது. எஞ்சினும் 389 இல்லை, 326. பாண்டியாக் வி-8 எஞ்சின்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது 326-ஆ 389-ஆ என்று வார்ப்பில் உள்ள எழுத்தைப் படித்தால்தான் தெரியும். விற்றவர்மேலும் குற்றமில்லை. அவர் ‘ஜிடிஓ’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘அழகான வண்டி’ என்றார். மூன்றெழுத்தைப் படித்துக்கொண்டவன் நான்.

இரவு மனைவியிடம் சொன்னேன். “லெமான்ஸா, லெமனா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எழுந்து கராஜுக்குப் போய் அந்த ஜிடிஓ வில்லைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கவாட்டு வில்லையில் ‘6.5 லிட்டர்’ என்றிருந்தது. அசல் ஜிடிஓவிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் 389 கன அங்குலத்தைக் கணக்கிட்டால் 6.4 லிட்டர்கூட முழுசாக வராது. பானெட் மேல் காற்றை உறிஞ்சுவதுபோல விடைத்திருக்கும் மூக்கு, அசலிலும் பெரும்பாலும் அடைத்த மூக்குதான்; வெறும் அலங்காரம். தவிர, முதல் ஜிடிஓ என்பதே என்ன? லெமான்ஸ் கட்டிய வேஷம். என் வண்டியும் லெமான்ஸ், வேஷம் கட்டியிருக்கிறது. பரம்பரை வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ‘டிங்’ செய்துவிட்டுக் ‘கார் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொள்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எங்கே கிடைக்கும்? வில்லையைக் கழற்ற எடுத்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

பூஜை போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. பாண்டியாக் என்ற ஊர் எங்கள் வீட்டிலிருந்து உட்வர்ட் அவென்யூவில் வடமேற்கே. காருக்குப் பெயர் கொடுத்த ஊர். பிராண்டு 2010-ஓடு முடிந்துவிட்டது. ஊர் இருக்கிறது, அங்கே ஒரு பராசக்தி கோயிலும் இருக்கிறது. கிளம்பிய நாள் ஆகஸ்ட் மாத மூன்றாம் சனிக்கிழமை என்பதை நான் பார்க்கவில்லை. 1995 முதல் அன்றைக்குத்தான் உட்வர்டில் பழைய கார்களின் தேர்த்திருவிழா. முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் வண்டிகள். சாலையோரம் நாற்காலி போட்டு ஜனம். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற சிவப்பு வண்டியும் என்னுடையதைப் போலவே இருந்தது. உள்ளே இருந்த வெள்ளைமீசைக்காரர் எட்டிப் பார்த்து, “ஜிடிஓவா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, “லெமான்ஸ்!” என்றாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “என்னுடையதும்தான்” என்று சொல்லி, பச்சை விழுந்ததும் பறந்துவிட்டார்.

கோயில் வாசலில் அர்ச்சகர் அந்த அடைத்த மூக்கின்மேல் குங்குமம் வைத்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். “வண்டி பேர் என்ன சொல்லணும்?” என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அம்பாள் சந்நிதியில் ஜிடிஓ என்று எப்படிச் சொல்வது? லெமான்ஸ் என்று சொல்ல மனசு வர வேண்டாமா? மகள் பிடித்திருந்த போனில், மதுரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் கணீரென்று வந்தது: “பாண்டியன்னு சொல்லுங்க சாமி!”

பாண்டியன் பெயருக்கே அர்ச்சனை நடந்தது. கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பழங்களை நசுக்கும் ஆவலில் கியரைப் போட்டேன். அறுபது வருடத்துக்கு முந்தைய கார். எச்சரிக்கைச் சத்தம் எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் பக்கத்து இருக்கையிலிருந்து ஒன்று வந்தது.

“டிங்,” என்றாள் என் மனைவி. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.