குட்டியானையும் அரை இஞ்சும்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் எழுந்தருளுவதும், சேவிக்க வந்த ஜனங்கள் மலையேறி இறங்கியதும் தாகத்தால் தவிப்பதும் காலங்காலமாக நடந்து வருபவை. ஆனால் அந்தத் தாகத்துக்குப் பரிகாரமாக எங்கள் வாலிபர்கள் இந்த வருஷம் கொண்டுவந்து நிறுத்திய தண்ணீர் வண்டியிலிருந்து, ஜனங்களின் தம்ளரில் விழுந்த தண்ணீரைக் காட்டிலும் வண்டியின் பின்சக்கரத்தில் விழுந்த தண்ணீரே அதிகம் என்பதை, வயதானவன் என்ற ஒரே தகுதியால் மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டு வேட்டியெல்லாம் சேறான அடியேன் சத்தியம் செய்து சொல்லத் தயார்.

வண்டி என்றது டாடா ஏஸ். குட்டியானை என்றால்தான் நம் ஊர்களில் புரியும். 2005-ல் அது சந்தைக்கு வந்தபோது சுமக்கலாமென்று விதிக்கப்பட்ட பாரம் முக்கால் டன். அதன் முதுகில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றிக் கழுத்துவரை நிரப்புகிறவர்களுக்கு, ஆயிரம் லிட்டர் தண்ணீரென்பது ஒரு டன் என்ற சமாசாரம் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோயிருக்கும். வாலாஜாபாத் சாலையின் வேகத்தடைகளில் அந்த வண்டி ஏறி இறங்கும்போது தண்ணீர் முன்னும் பின்னுமாக அலைமோத, தொட்டி ஒரு பக்கம் நகர, வண்டி மறுபக்கம் குலுங்க, இரண்டையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பி.வி.சி. எல்போ கழுத்தில் விரிசல் விடுவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஆனால் ஒழுகும் குழாயைச் சுற்றி நிற்கும் நம்மவர்களில் ஒருவராவது காரணத்தை விசாரித்ததுண்டோ? “இன்னும் ஒரு சுத்து டைட் பண்ணுப்பா” என்பதே சகல வியாதிக்கும் நாம் ஏகமனதாகக் கண்ட ஔஷதம்.

இத்தகைய தொட்டிக்குக் குழாயை எந்த இடத்தில் எவ்விதம் வைத்தால் சொட்டாது என்பதை விளக்கவே இதை எழுதப் புகுந்தேன். அதற்கு முன் அரை இஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அரை இஞ்சென்பது 12.7 மில்லிமீட்டர், இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. அரை இஞ்சு ஜி.ஐ. குழாயை எடுத்து வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள்: 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். சரி, உள்விட்டத்தைச் சொன்னார்கள் போலும் என்று சமாதானமடைந்து உள்ளே அளந்தால், அது 16-க்குப் பக்கத்தில் நிற்கும். பி.வி.சி.க்குப் போனால், கடைக்காரர் அரை இஞ்சென்று நீட்டும் குழாயின் மேல் 20 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும், அது வெளி அளவு. வெந்நீருக்கான சி.பி.வி.சி.யின் அரை இஞ்சோ, வெளியே ஏறக்குறைய 16. அதாவது ஒரு ஜாதி அரை இஞ்சு மற்றொரு ஜாதி அரை இஞ்சின் வயிற்றுக்குள் சாவகாசமாகப் படுத்து உறங்கலாம். மரையின் விஷயம் இன்னும் விசேஷம். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த 55 பாகைக் கோணத்தைத்தான் நம் குழாய் மரைகள் இன்றளவும் அனுஷ்டிக்கின்றன. இஞ்சுக்குப் பதினான்கு மரை என்ற கணக்கு அரைக்கும் முக்காலுக்கும் பொது. ஒன்றுக்கு வந்ததும் பதினொன்றாகிவிடும். 1956-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றி, படியும் வீசையும் ஒழிந்து, அணா போய் நயா பைசா வந்து, அதுவும் போய்ச் சேர்ந்த பிற்பாடும், சர்க்கார் தொட அஞ்சிய ஒரே பிரகிருதி இந்த அரை இஞ்சுதான். குழாயில் எங்கு அளந்தாலும் அகப்படாமல் குழாய் முழுதும் வியாபித்திருப்பதால் அதைப் பரப்பிரம்மம் என்று நான் சொன்னபோது, தொட்டிக்குக் குழாய் மாட்ட வந்திருந்த பிளம்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது அனுபவம்.

இந்த அழகில் நாம் கடைக்குப் பழைய உருப்படியைக் கொண்டுபோகிறோமா என்றால், அதுவும் இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, “இம்மாம் பெருசு இருக்கும்” என்று காட்டுகிறோம். கடைக்காரர் “சாம்பிள் இல்லியா?” என்று கேட்டதும் வளையம் சற்று விரிகிறது, பக்கத்திலிருப்பவர் திருத்தியதும் சுருங்குகிறது. அந்த வளையத்துக்குப் பொருத்தமாக வாங்கிய டேங்க் நிப்பிளுக்காக, தொட்டியில் துளை போட்ட விதத்தையும் கேளுங்கள். ஜி.ஐ. துண்டொன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அழுத்தினார்கள். புகையோடு துளை விழுந்தது. விளிம்பைச் சுற்றி உருகி உறைந்த பிளாஸ்டிக் ஒரு வரப்பாக மேடிட்டு நின்றது. கத்தியால் சீவ வேண்டிய அந்த வரப்பின்மேல் ரப்பர் வாஷர் எவ்விதம் படியும்? சீவச் சொன்னேன், டெஃப்லான் டேப்பைச் சுற்றினார்கள். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த அந்தப் பதார்த்தம் மரைக்கு உரியதேயன்றி வரப்புக்கு உரியதன்று. மரையிலும் மரை போகும் திசையில் சுற்றினால்தான் நிற்கும், எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்க முடுக்கப் பிரிந்துவரும்.

உள்ளே செக் நட்டைப் பிடிக்க ஒரு மெலிந்த பையனைத் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள்.

“புடிச்சிக்கினியாடா?”

“புடிச்சிக்கினுதாண்ணா கீறேன், கூடவே சுத்துது!”

தொட்டிக்குள்ளிருந்து அசரீரியாக எழுந்த இந்த விடைக்கு, வெளியே சூழ்ந்திருந்த நிபுணர் கூட்டம் ஒரே குரலில் உபதேசம் வழங்கிற்று. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துச் சபையார் 921-ல் கல்லில் வெட்டியபடி, ஏரி வாரியத்துக்கு வர வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது என்றெல்லாம் நியதி உண்டு. குழாய் வாரியத்துக்கும் அப்படியொரு கல்வெட்டு அவசியம்: ஸ்பேனரைக் கையால் தொடாதவன் வாய் திறத்தல் ஆகாது. எழுபதைக் கடந்த நானும் உத்திரமேரூர் வயதுக் கணக்கின்படி விலக்கப்படுவேன், பரவாயில்லை.

பித்தளைக் குழாய் வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்தால் பெருமாள் மலையிறங்குமுன் குழாய் இறங்கிவிடும். எனவே பிளாஸ்டிக், அதன் கைப்பிடியோ முதல் தம்ளருக்கே கையோடு வந்துவிட்டது. பிளம்பர் மட்டும் நிதானமிழக்காமல், “அடுத்த வருஷம் முக்கால் இஞ்சா வச்சிடலாங்கய்யா, ஒழுகவே ஒழுகாது” என்றார். முக்கால் இஞ்சு எவ்வளவு இருக்குமென்று நான் கேட்கவில்லை.