முறியாத கால்களுக்கும் மருத்துவம்

கேள்வி: கால் முறிந்த பந்தயக் குதிரையை அறுவை சிகிச்சையால் காப்பாற்ற முடியாதா?

பதில்: எலும்பை இணைத்துவிடலாம்; ஆனால், சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையை மாதக்கணக்கில் படுத்திருக்கச் செய்ய முடியாது என்பதே மருத்துவருக்கு உண்மையான சோதனை. 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் வலப் பின்னங்கால் முறிந்து நின்றபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் உலோகத் தகட்டையும் 27 திருகுகளையும் பொருத்தினார். மயக்கம் தெளிகையில் உதைத்து மீண்டும் முறித்துக்கொள்ளாதிருக்க, அது நீர்த்தொட்டியில் மிதவையில் தாங்கப்பட்டு விழித்தது. முறிவு பெரிதும் கூடிவந்தது. எனினும், கூடுதல் எடை தாங்கிய இடப் பின்னங்காலையும் பின்னர் முன்னங்கால்களையும், குளம்பை உள்ளெலும்போடு பிணைக்கும் திசுவைச் சிதைக்கும் ‘லாமினைட்டிஸ்’ நோய் தாக்கியதால், 2007 ஜனவரியில் அது கருணைக்கொலை செய்யப்பட்டது. முறிந்த காலைக் காப்பது பாதி மருத்துவம். முறியாத மூன்றையும் காப்பதே மறுபாதி.