காற்று வாங்கும் கார்

நிலாவெளிக் கடற்காற்றை வாங்க வெள்ளைக்காரர் விமானம் ஏறி வருகிறார்கள். எங்களுக்கு அது இலவசம். கணக்கைக் கார்தான் தீர்க்கிறது.

எங்கள் வீட்டில் நிற்பது மொறிஸ் மைனர். 1970களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் இந்தக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இங்கே இன்னும் ஓடுகிறது. ஓடுகிற வழியில் கொஞ்சம் உதிர்கிறது. முன்பே விற்றிருக்கலாம்தான். ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி வழிவிடும்வரை, ஓட்டைக் காரும் சீதனக் கணக்கில் ஏறியிருந்தது. விற்க யாருக்கு மனம் வந்திருக்கும்?

வாடைக்காற்று தொடங்கினால் பொனட்டை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கலாம், உப்பு அளவாக இருக்கும். இரும்பில் கறள் பிடிக்க ஈரமும் ஒட்சிசனுமே போதும். உப்பு நடுவில் நின்று காரியத்தை விரைவாக முடித்துவைக்கும் தரகர். கறளுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதனால்தான் பெயின்ற் கொப்புளிக்கிறது. வெளியே குண்டுமணி அளவு கொப்புளம் என்றால், உள்ளே தகரம் எப்போதோ போய்விட்டது.

"பட்டி போட்டு இழுத்து பெயின்ற் அடிச்சா புதுக் கார்தான் அண்ணே" என்றார் கராஜ் பாஸ். முன்பு திருத்தியவரும் இதைத்தான் சொன்னார். நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் யானைக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன், ஒட்டியது. மட்காட்டில் வைத்தேன், விழுந்தது. பாஸ் யானையைப் பொறுக்கித் துடைத்துத் தந்து, "காந்தத்தில ஏதோ பிழை" என்றார். பிறகு ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். அது பிடிவரை உள்ளே போனது. பட்டிக்குப் பின்னால், மடித்துத் திணித்த பத்திரிகை. 'மணமகள் தேவை' பக்கம், இன்னும் வாசிக்கலாம். கறள் காகிதத்தைத் தின்பதில்லை.

நல்ல தகரம் வரும்வரை வெட்டி, புதுத் தகரம் வெல்டிங் பண்ணி, மிச்சக் கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் தடவிக் கழுவிக் காயவிட்டு, நாகம் கலந்த பிறைமர் அடித்த பிறகுதான் பெயின்ற். அடுத்த கிழமை தருகிறேன் என்றார். பிரிட்டிஷார் இங்கே பக்கத்துச் சீனக்குடாவில் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் கறள் பிடித்து நின்றன. அவற்றில் 61ஐத் திருத்தியெடுக்க இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தம் வந்ததே 2022 ஜனவரியில்தான். பாஸ் இரண்டு அரசாங்கங்களைவிட வேகம்.

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் மேலே மெழுகு தேய்ப்பதோடு நிறுத்தாமல் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவடியில் உள்ள வடிகால் துளைகளில் மண் அடைக்க விடாதீர்கள். பழைய கார் வாங்க வருபவர்கள் பையில் ஒரு காந்தம் கொண்டுவாருங்கள். அதை வெளியே எடுத்ததும் விற்பவர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால், தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.