சந்தை திருந்திக்கொண்டிருக்கிறது, சத்தம் போடாதீர்கள்

அரசாங்கம் மூக்கை நுழைக்காமல் இருந்தாலே போதும், சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. டை கட்டிக்கொண்டு டி.வி. விவாதங்களில் உட்கார்வார்கள். கெட்ட சரக்கை விற்பவனிடம் ஜனங்கள் மறுபடி வாங்க மாட்டார்கள், அவன் கடையைச் சாத்திவிட்டுப் போவான், எதற்கு லைசென்ஸ், எதற்கு இன்ஸ்பெக்டர் என்பார்கள். அருமையான தத்துவம். சின்னச் சிக்கல் ஒன்றுதான்: மறுபடி வாங்காமல் இருப்பதற்கு, வாங்கியவன் உயிரோடு இருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. பெற்றவர்கள் நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தன. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவை. சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்திருக்கும் அளவு 0.1 சதவீதம். அதாவது பாதிப் புட்டி விஷம், மீதிதான் மருந்து. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் புழங்கும் இந்தச் சரக்கு, மருந்துக்கு வேண்டிய சுத்தமான புரோப்பிலீன் கிளைக்காலைவிட மலிவு. தித்திப்பும் உண்டு, குழந்தை முகம் சுளிக்காமல் விழுங்கும். வாடிக்கையாளர் திருப்தி என்று எம்.பி.ஏ. வகுப்பில் சொல்லித்தருகிறார்களே, அது இதுதான்.

புது விஷமாக இருந்தால் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்லவாவது இடம் உண்டு. 1937-லேயே அமெரிக்காவில் ஒரு கம்பெனி, சல்ஃபனிலமைடு மருந்தை இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து, 'எலிக்சர்' என்று பெயர் சூட்டி விற்றது. விஷமா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லும் சட்டமே கிடையாது. பெரியவர்கள் கனவு காணும் பூலோக சொர்க்கம் அது! நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் மீது எந்தப் பொறுப்பும் இல்லை என்றார் முதலாளி. அரசு என்ன குற்றம் சாட்டி அந்த மருந்தைப் பறிமுதல் செய்தது தெரியுமா? எலிக்சர் என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு. 'கரைசல்' என்று லேபிள் ஒட்டியிருந்தால் சர்க்கார் கைகட்டி நின்றிருக்கும். நூறு பேரைக் கொன்றவனைப் பிடிக்கச் சொற்குற்றம்தான் கிடைத்தது. (நக்கீரர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.) விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபி என்ற சட்டம் மறு வருஷம், 1938-ல் வந்தது.

அதற்குப் பிறகு நம் சந்தை எவ்வளவு திருந்தியது என்று பாருங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 பேர். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 1998-ல் குருகிராம் பக்கம் 33 குழந்தைகள். அப்புறம் ஜம்முவின் ராம்நகர். 2022-ல் நம் சரக்கு கடல் தாண்டியது: காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் இந்திய சிரப்புகளைக் கைகாட்டியது, நம் அரசு மறுத்தது. எங்கும் அதே கிளைக்கால், அதே சிறுநீரகம்.

காம்பியா நடந்த மறு ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தொழில் நடத்துவோரின் சிரமம் குறைக்க, தரம் குறைந்த மருந்து தயாரித்த சில குற்றங்களை ஜெயிலுக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி செய்தது. பெயர் ஜன் விஸ்வாஸ். தமிழில் மக்கள் நம்பிக்கை. இந்தப் பெயரை வைத்தவருக்கு என் தொழிலில் நல்ல எதிர்காலம் உண்டு.

காவல்காரனை விட்டுவிட்டால் பாவம். கோல்ட்ரிஃப் தொழிற்சாலை 2011-லிருந்து லைசென்சுடன் நடந்தது. குழந்தைகள் செத்த பிறகு அதிகாரிகள் உள்ளே போனார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கண்ணில் பட்டன! அத்தனையும் ஒரே ராத்திரியில் முளைத்த காளான்களா? இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த உத்தியோகத்தைத்தான்.

இதைக் கேட்டதும் டை கட்டியவர் துள்ளுகிறார்: "பார்த்தீர்களா, கட்டுப்பாடு இருந்தும் பலனில்லை!" ஐயா, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுத்தவனைக் கேளுங்கள். கதவுக்குப் பூட்டே ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். கலப்பதற்கு முன் மூலப்பொருளைச் சோதி என்பதுதான் விதி. பேராசைக்காரன் அந்தச் செலவை மிச்சம் பிடித்தான். அவனுக்கு வேறென்ன தெரியும்? சோதித்தாயா என்று போய்க் கேட்கத்தான் ஒருவருக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். அவர் போகவில்லை.

இரண்டு வயதுக்குக் கீழே இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. தேதி 2025 அக்டோபர் 3. சிந்த்வாராவில் முதல் குழந்தை இறந்து அப்போது ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது.