மாப்ளே, ஜாடியை மூடுமுன்ன மாமன் சொல்லைக் கேளும்

மாப்ளே, பேக்டு பீன்ஸ் செஞ்சு, கண்ணாடி ஜாடில அடைச்சு, குக்கர்ல ஏத்தி இறக்கி, ஒரு வருசத்துக்கு மாளாங்கிற பரண்ல அடுக்கப் போறீராம். என் மவ போன்ல சொன்னா. அவ குரல்ல சிரிப்பு பாதி, பயம் பாதி. நீரு என் அக்கா மவன். டவுசர் போட்ட காலத்துல 'ஏலே'ன்னு கூப்பிட்ட பய. பொண்ணைக் கொடுத்த பொறவு 'நீரு' போட்டுப் பேசுதேன். அந்த மரியாதை கெடாம நாலு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கிடும். கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். அம்பர்நாத்துல ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன சோலி?

முதல்ல ஒரு சந்தேகம். ராஜ்மாவோ, மொச்சையோ, மராட்டிக்காரர் வால்னு சொல்லுதாவளே அதுவோ, கடையிலேருந்து எப்படி வாங்கியாந்தீரு? காஞ்ச பயறாத்தானே? காஞ்ச பயறுங்கிறது ஏற்கெனவே பூட்டிப்போட்ட வீடு மாப்ளே. ஈரம்தான் அதுக்குச் சாவி. ஈரம் படாத வரைக்கும் எந்தக் கிருமியும் உள்ள குடியேற முடியாது. உம்ம ஆச்சி மொச்சையையும் காணத்தையும் தட்டட்டில நல்லா வெயில் காட்டி, வேப்பிலை போட்டுப் பானைல கொட்டி வச்சா, அடுத்த அறுப்பு வரைக்கும் வண்டு ஒண்ணுதான் விரோதி. நீரு என்ன செய்யுதீரு? ராத்திரி முழுக்கத் தண்ணில போட்டுப் பூட்டைத் திறக்கீரு. வேக வச்சுக் கதவையும் ஆன்னு திறந்து போடுதீரு. பொறவு கள்ளன் வந்துருவானேன்னு ஜாடி, மூடி, ரப்பர், கேஸ்னு துட்டைச் செலவழிச்சு மறுபடி பூட்டப் பாக்கீரு. இதுக்குப் படிச்ச புள்ளைதான் வேணும்.

'மழை வந்தா என்ன செய்ய மாமா'ம்பீரு. கேள்வி நியாயம்தான். 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டினதை இந்த மும்பை மறக்குமா? 2019 ஜூலைல இங்கன பத்லாபூரைத் தாண்டி, வாங்கணி பக்கம் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவுல நின்னுபோச்சு. ஆயிரம் பேருக்கு மேல மீட்டுக் கொண்டுவந்தாவ. வீட்டுல கையிருப்பு வேணும், யாரு இல்லேன்னா? ஆனா அதுக்கு அவல் இருக்கு, பொரிகடலை இருக்கு, கருப்பட்டி இருக்கு. மாட்டுங்காலயும் செம்பூர்லயும் நம்ம ஆளுக கடையில எல்லாம் கிடைக்கும். வெள்ளத்துல மாட்டினவன் வெல்லப்பாகு ஊத்தின பீன்ஸா கேப்பான்?

வெள்ளைக்காரன் அடைக்கலையாங்கிறது உம்ம அடுத்த கேள்வி. அடைச்சான். ஆனா பேக்டு பீன்ஸுக்குப் பேர்போன பாஸ்டன்காரன் முதல்ல அடைக்கலை. ஓய்வுநாள்ல சமைக்கக் கூடாதுன்னு மதக் கட்டுப்பாடு. அதனால சனிக்கிழமையே மண்சட்டில பீன்ஸைப் போட்டு அடுப்புக்குள்ள தள்ளிட்டு, ராத்திரியும் மறுநாளும் தின்னான். அவனுக்கு ஒரு நாள் தாங்கினா போதும். அடைக்கிற வித்தை வந்தது பட்டாளத்துக்காக. நெப்போலியன் காலத்துல நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரரு, சாப்பாட்டைக் கண்ணாடிப் பாட்டில்ல அடைச்சுக் கொதிதண்ணில வேக வச்சுக் காட்டினாரு. 1810-ல பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. சாப்பாடு ஏன் கெடலைன்னு அவருக்கே தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்டர் வரணும், அதுக்கு இன்னும் அம்பது வருசம் ஆச்சு. 1886-ல ஹெயின்ஸ் டப்பா லண்டன்ல ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்குப் போனப்ப அது சீமான் வீட்டுப் பண்டம். நீரும் சீமான் ஆகும், யாரு வேண்டாம்னா? ஆனா ஆலைல டப்பாவை வேக வைக்க ரிடார்ட்னு ஒரு இரும்புப் பூதம் நிக்கும். உம்ம வீட்டுல நிக்கிறது என் மவ சீதனமா கொண்டாந்த அஞ்சு லிட்டர் குக்கர்.

இப்ப அந்தக் கள்ளன் யாருன்னு சொல்லுதேன். பேரு கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணுல கிடக்கிற கிருமி. மண்ணுல விளையுற எதுலயும் அதோட வித்து ஒட்டி வரலாம். காத்துபடக் கிடந்தா சும்மா கிடக்கும். காத்துப் போகாத, ஈரமான, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைச்சா முளைச்சு நஞ்சைக் கக்கும். மூடின ஜாடிக்குள்ள உம்ம பீன்ஸ் அப்படித்தானே இருக்கப் போகுது! புளிப்பை அளக்க பிஎச்னு ஒரு கணக்கு உண்டு. அது 4.6-க்குக் கீழ இருந்தா இந்த வித்து முளைக்காது. மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கிருமிக்குப் பயப்படாததுக்கு அந்தப் புளிப்புதான் காரணம், உப்பு அதுக்குத் துணை. பீன்ஸ் 4.6-க்கு மேல. நாலு தக்காளியைப் பிழிஞ்சு ஊத்திட்டா கீழ இறங்கிராது.

கொதிக்க வச்சா சாகாதாம்பீரு. நஞ்சு சாகும், வித்து சாகாது. 100 டிகிரில மணிக்கணக்கா கொதிச்சாலும் தாங்கும். 1919-ல அமெரிக்காவுல கலிபோர்னியா ஆலிவ் காயைத் தின்னு பல பேர் செத்தாவ. ஆலைல அடைச்சு வித்த காய்தான் அது. அதுக்குப் பொறவுதான் எஸ்டி, மேயர்னு ரெண்டு பேரு உக்காந்து, எந்தச் சூட்டுல எத்தனை நிமிசத்துல இந்த வித்து அழியும்னு 1922-ல கணக்குப் போட்டுக் கொடுத்தாவ. 121 டிகிரிங்கிற எண்ணு இன்னைக்கும் டப்பா ஆலைக்கெல்லாம் வேதம். திறந்து கிடக்கிற தண்ணி அந்தச் சூட்டுக்குப் போகாது. அழுத்தத்துக்குள்ள அடைபட்ட ஆவிதான் போகும். சீமைக்கதைன்னு தள்ளிராதீரும். 1996-ல குஜராத்துல ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துல சேவ் தின்ன புள்ளைகளுக்கு இதே நஞ்சா இருக்கும்னு மருத்துவர்கள் சந்தேகப்பட்டு எழுதியிருக்காவ. மூணு புள்ளைக செத்துப்போச்சு. இந்த இடத்துல நான் நையாண்டி பண்ணலை மாப்ளே.

சரி, குக்கர்லயும் ஆவிதானே அடைபடுதுன்னு கேட்டீருன்னா, அதான் கெட்டிக்காரத்தனம். தாணேல ஹாக்கின்ஸ்காரன் பண்ணுறதும் சரி, நம்ம டிடிகே பிரெஸ்டீஜும் சரி, பருப்பு வேக வைக்கச் செஞ்ச சாமான். ஆவி 120 டிகிரி கிட்டப் போகும், வாஸ்தவம். ஆனா சூடாக வேண்டியது ஆவி இல்லை, ஜாடி நடுவுல சாறு கெட்டியா மூடிக் கிடக்கிற பீன்ஸ். அங்கன சூடு போய்ச்சேர நேரமாகும். விசில்ங்கிறது நேரமும் இல்லை. அழுத்தம் ஏறுது, வெயிட் தூக்குது, ஆவி போகுது, அழுத்தம் இறங்குது. உம்ம அடுப்புல நாலு விசில் எட்டு நிமிசம், என் அடுப்புல பதினஞ்சு. பொறவு நம்ம வீட்டுப் பொம்பளைக செய்யுற ஒரு காரியம் இருக்கே, குக்கரைத் தூக்கிக் குழாய்க்கு அடியில காட்டுறது! பருப்புக்கு அது சரி. ஜாடிக்கு அப்படிச் செஞ்சா உள்ள இருக்கிற சாறெல்லாம் மூடி வழியா வெளிய பீச்சிரும், கண்ணாடியும் விரியும். மெதுவா ஏறுற நேரமும் மெதுவா ஆறுற நேரமும் வேக வைக்கிற கணக்குல சேர்ந்தது. சின்னக் குக்கர் படக்குன்னு ஏறிப் படக்குன்னு ஆறிரும். அது அரைக்கிணறு தாண்டின கதை.

இவ்வளவு சொல்லியும் அடைச்சே தீருவேன்னா, முழுக்கிணறும் தாண்டும். ஜாடி அடைக்கன்னே பண்ணின பெரிய பாத்திரம் ஒண்ணு வேணும். ஒரு லிட்டர் ஜாடி நாலாவது உள்ள நிக்கணும், அழுத்தம் நிலையா நிக்கணும். பயறைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாம ஊறப்போடும். ஊறின தண்ணியைக் கீழ கொட்டும். ராஜ்மான்னா தளதளன்னு கொதிக்க வச்சு வேக வைக்காம அடுப்புக்குள்ள தள்ளிராதீரும், அரைவேக்காட்டு ராஜ்மா வயித்தைக் கலக்கிரும். வெந்த பொறவு சாறு ஊத்தி மூடி, 175 டிகிரில நாலஞ்சு மணி நேரம் வச்சு எடும். சுடச்சுட ஜாடில போட்டு, மேல ஒரு அங்குலம் இடம் விட்டு மூடும். பத்து நிமிசம் ஆவியை வெறுமனே வெளிய போகவிட்டுக் காத்தை விரட்டும். பொறவு வெயிட்டைப் போடும். பத்து பவுண்டு அழுத்தத்துல அரை லிட்டர் ஜாடிக்கு 65 நிமிசம், ஒரு லிட்டர் ஜாடிக்கு 75 நிமிசம். முள்ளு காட்டுற மீட்டர்னா 11 பவுண்டு. அம்பர்நாத் ஊட்டி இல்லை, இது போதும். ஊட்டிக்கு வீடு மாத்தினா 15 பவுண்டு. அடுப்பை அணைச்சிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காரும். அதுவா ஆறணும்.

இன்னொண்ணு. அந்த மீட்டரை உல்லாஸ்நகர்ல 'மேட் இன் யூஎஸ்ஏ'ன்னு எழுதியிருக்குன்னு வாங்கிராதீரும். அந்த யூஎஸ்ஏல 'யூ' அமெரிக்கா இல்லை, உல்லாஸ்நகர்தான்னு கல்யாண் லோக்கல்ல நிக்கிற சின்னப் பையனும் சொல்லுவான். உம்ம கைவரிசையும் வேண்டாம். தேங்கா அரைச்சு ஊத்துறது, மாவு கரைச்சு விடுறது, எண்ணெய் மிதக்கத் தாளிக்கிறதுன்னு சாறைக் கெட்டியாக்கினா, அந்த 65 நிமிசக் கணக்கு செல்லாது. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்பாவ. நீரும் சமையல் குறிப்புல வெல்லப்பாகு வரைக்கும் படிச்சிட்டு நிமிசக் கணக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டுற ஆளு.

அடைச்சாச்சு, எங்க வைப்பீரு? மாளாலயா? சித்திரை மாசம் அம்பர்நாத் மாளால கையை நீட்டிப் பாரும். 35 டிகிரிக்கு மேல போனா, சூட்டைத் தாங்கிப் பிழைச்ச வேற கிருமி உள்ள புளிக்க வச்சிரும். நம்ம அம்பரநாதர் கோயில் 1060-ல கட்டினது, இன்னும் அசையாம நிக்குது. அதைப் பாத்துட்டு உம்ம பீன்ஸும் அப்படி நிக்கும்னு நெனைச்சீரோ? மூடி உப்பியிருந்தா, திறக்கும்போது பீச்சினா, நாக்குல வச்சு ருசி பாக்காதீரும். இந்த நஞ்சுக்கு வாடையும் இல்லாம இருக்கும், ருசியும் இல்லாம இருக்கும். நல்லா இருக்கிற ஜாடியைத் திறந்தாலும் பத்து நிமிசம் கொதிக்க வச்சுட்டுத் தின்னும். தின்ன மறுநாளோ அடுத்த நாளோ கண்ணு ரெட்டையாத் தெரிஞ்சா, இமை சரிஞ்சா, நாக்கு குழறினா, கசாயம் போட்டுக்கிட்டு இருக்காதீரும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் மவ கழுத்துல கிடக்கிற தாலி நான் துட்டு கொடுத்துச் செஞ்சது.

எனக்கென்னவோ இந்த ஊர்க்காரர்ட்ட கத்துக்கிடலாம்னு தோணுது. கர்ஜத்தைத் தாண்டி ராய்கட் பக்கம் குளிர்காலத்துல போப்டி போடுவாவ. பச்சை வால் காயை அப்படியே தோலோட, உருளைக்கிழங்கும் முட்டையும் சேத்து மண்பானைல அடுக்கி, பாம்புர்டா இலையை வச்சு வாயை அடைச்சு, பானையைக் கவுத்துப் போட்டுச் சுத்தித் தீ மூட்டுவாவ. சொட்டுத் தண்ணி ஊத்துறதில்லை. காய் அதோட ஈரத்துலயே வெந்து, இலை மணம் ஏறி இறங்கும். அதுவும் பேக்டு பீன்ஸ்தான் மாப்ளே! அடைக்கிறது அரை மணி நேரத்துக்கு. சுத்தி உக்காந்திருக்கிற கூட்டம் பானையைத் தட்டிக் கொட்டி அங்கனயே தீத்துரும். மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே வைக்க இடம் தேடணும்?

அதனால நீரு வாங்கின ரெண்டு கிலோவையும் ஊறப்போடாதீரும். மூட்டைல கிடக்கிறது கிடக்கட்டும், அது உம்மைவிடப் பத்திரமா இருக்கும். அரை கிலோ மட்டும் எடும். தாராவி கும்பார்வாடால நல்ல மண்சட்டி ஒண்ணு வாங்கியாரும். சட்டில வெந்தது மிஞ்சினா பிரிட்ஜ்ல மூணு நாள், பிரீசர்ல மாசக்கணக்கு. அந்தக் கவலையும் வேண்டாம்னா ஞாயித்துக்கிழமை எங்களைக் கூப்பிடும். நானும் உம்ம அத்தையும் வாறோம், தாராவிலேருந்து சித்தப்பனையும் புள்ளைகளையும் வரச் சொல்லுதேன். அரை கிலோ பத்தாது, முக்கால் கிலோவா ஊறப்போடும். எனக்குச் சர்க்கரை இருக்கு, வெல்லப்பாகை ஓரமா வையும். காரம் தூக்கலா இருக்கணும், பூண்டு உரிச்சு முழுசாப் போடும்.