பஸ்ஸில் போன வெர்ஷன்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்றால் 2004-ல் சேலத்தில் சிரிப்பார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் எடுப்பு. ஆளுக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி, பட்டுவாடா எவ்வளவு என்ற கணக்கைத் தோட்டத்து ரைட்டரின் நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதுதான் எங்கள் வேலை.

கோடு, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷனில் இருந்தது. சர்வர் சேலம் அஞ்சு ரோட்டில். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் மலைமேல். மாற்றத்தைப் பதிய கமிட் போடவும் சர்வர் வேண்டும், போன மாதம் யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கவும் சர்வர் வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் சாய்ந்தால் டெலிபோன் கம்பி போய்விடும். லைன்மேன் வரும்வரை மலைக்கு வரலாறே கிடையாது. மாற்றிய ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டு, கவரை ஒட்டி, சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அது போய்ச் சேரும். கீழே ஒருவர் வாங்கிக் கையால் சேர்ப்பார். கிளைகளை இணைப்பது தனிப் பாடு. எந்த ரிவிஷன் வரை சேர்த்தாயிற்று என்பதை 2008-ல் 1.5 வரும்வரை சப்வெர்ஷன் தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது. அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டோம். ரைட்டரின் நோட்டை ஒழிக்கக் கிளம்பியவர்கள் நாங்கள்.

இதற்கிடையே, 2005 ஏப்ரலில், லினக்ஸ் கெர்னல்காரர்களுக்குக் கொடுத்திருந்த இலவச உரிமத்தை பிட்கீப்பர் என்ற வெர்ஷன் மென்பொருள்காரர்கள் நிறுத்த, லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட் எழுதினார். அதே மாதம் மாட் மேக்கால் மெர்க்குரியலைத் தொடங்கினார். இரண்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முழு வரலாறு இருக்கும். கம்பி அறுந்தாலும் கமிட் போடலாம். எங்கள் சேர்வராயன் மலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

எதை எடுப்பது என்று சண்டை. பாஸார் என்று மூன்றாவதும் ஒன்று இருந்தது. அன்றைக்கு விண்டோஸில் கிட் தடுமாறும். மெர்க்குரியல் கட்டளைகளோ சப்வெர்ஷன் பழகியவனுக்குப் பார்த்ததும் புரியும். பைத்தான்காரர்களே 2009-ல் மெர்க்குரியலைத்தான் தேர்ந்தார்கள். நாங்களும் அதைத்தான் எடுத்தோம். இரண்டில் மரியாதை தெரிந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் 2008-ல் கிட் கோடுகளுக்கான கிட்ஹப் தளம் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பைத்தானும் 2017-ல் அங்கே போனது. மெர்க்குரியலுக்கென்றே பிறந்த பிட்பக்கெட் தளம் 2020-ல் அதைக் கைவிட்டது. நாங்களும் கிட்டுக்கு மாறினோம். ஊரோடு ஒத்து வாழ்வதுதானே.

அடுத்து ஒர்க்ஃப்ளோ. வின்சென்ட் ட்ரீசன் 2010-ல் வரைந்த ‘கிட் ஃப்ளோ’ படம் எங்கள் ஆபீஸ் சுவரிலும் ஏறியது. டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ், ஃபீச்சர் என்று நாலு பேர் எழுதும் கோடுக்கு அத்தனை கிளை. பத்து வருஷம் கழித்து, அடிக்கடி வெளியிடும் இணையச் செயலிகளுக்கு இன்னும் எளிய முறை போதும் என்று அவரே ஒரு குறிப்புச் சேர்த்தார். சுவரிலிருந்த படத்தை யாரும் கிழிக்கவில்லை.

2018 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கிட்ஹப்புக்கு 43 விநாடி இணைப்பு விட்டுப்போனது. அது முழுசாகத் தேற 24 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. உலகத்தில் அத்தனை லேப்டாப்பிலும் முழு வரலாறு இருக்கத்தான் இருந்தது.

இப்போது ஏற்காட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. ஹோம்ஸ்டே வராந்தாக்களில் பெங்களூர் ஆபீஸ் நடக்கிறது. அப்படி ஒரு வராந்தாவில் இரண்டு பையன்கள், நடுவில் மிளகாய் பஜ்ஜித் தட்டு.

“அண்ணா, கிட்ஹப் சைட் டவுன். இன்னிக்கு வேலை ஓடாது.”

“முழு ஹிஸ்டரியும் உன் லேப்டாப்லயே இருக்கே தம்பி?”

“இருக்குண்ணா. என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிப் போட்ட பி.ஆர். அப்ரூவ் ஆகணுமே.”

“யார் பண்ணணும்?”

பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்த எதிர் நாற்காலிக்காரனைக் காட்டினான்.

“அப்ப உன் மெஷின்லருந்து அவன் மெஷினுக்கு நேரா இழுத்துக்கச் சொல்லேன். கிட்டுல அது முதல் நாள்லருந்து இருக்கு.”

“பண்ணலாம்ணா. ஆனா பாலிசில இல்ல.”

மத்தியானம் சைட் எழுந்தது. எதிர் நாற்காலிக்காரன் அப்ரூவ் பட்டனை அழுத்தினான். பஜ்ஜித் தட்டைத் தாண்ட வேண்டிய அனுமதி கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது. “வேகமா வந்துடுச்சுண்ணா” என்றான் பையன்.