மாமன் சொல்லுதேன், கேளு மருமவனே

என்ன மருமவனே, மூஞ்சி ஒரே களையா இருக்கு? சாயங்கால பஸ்ஸுல ஒரு புள்ள பின்னாலயே போறியாமே! தை மாசமே அவ வேண்டாம்னு சொல்லிட்டாளாம். 'இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு மனசு எளகும் மாமா'ங்க. படம் நெறையப் பாத்திருக்கன்னு தெரியுது.

நானும் பாத்திருக்கேன்யா. 2001-ல 'மின்னலே'. நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளை நாந்தான்னு பேர மாத்திச் சொல்லி மாதவன் அந்தப் புள்ளகிட்டப் பழகுவாரு. பத்திர ஆபீஸ்ல இதச் செஞ்சா ஆள்மாறாட்டம்னு உள்ள தூக்கிப் போடுவான். படத்துலயோ, அசல் மாப்பிள்ளையே கடைசியில விட்டுக்குடுத்து ஒதுங்கிருதாரு. 2016-ல 'ரெமோ'. சிவகார்த்திகேயன் நர்ஸம்மா வேஷங்கட்டி, வேற ஒருத்தருக்கு நிச்சயமான டாக்டர் புள்ளகூடவே தோழியாத் திரிவாரு. குட்டு ஒடைஞ்சதும் அவ கோவப்படுவா. படம் முடியுறதுக்குள்ள எல்லாம் சரியாயிரும். ஆகாம என்ன செய்யும்? அவ சொல்லவேண்டிய பதிலையும் ஹீரோ பக்கத்து ஆளுகதான எழுதுதாங்க! உனக்கு அப்பிடி ஒரு கதாசிரியர் வாய்ச்சிருக்காரா?

விடாம பின்னால வாறதுதான் காதல்னா, நம்மூரு கந்துவட்டிக்காரன மிஞ்சுன காதலன் எவன்லே இருக்கான்? வெயிலும் பாக்கமாட்டான், மழையும் பாக்கமாட்டான். எந்த முடுக்குல திரும்புவோம்னு அவனுக்கு அத்துபடி. போன எடுக்கலன்னா வீட்டு வாசலுக்கே வந்திருவான். உங்கப்பன் அவனப் பாத்து வெக்கப்பட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. புளியமரத்துக்குப் பின்னால பம்முனதத்தான் பாத்திருக்கேன்.

நேத்து அதே பஸ்ஸுலதான் நானும் வந்தேன். நீ எங்க கவனிச்ச, உன் கண்ணு வேற எடத்துல இருந்துச்சு. நீ ஏறுனதும் அந்தப் புள்ள ஜன்னலோரத்துல இருந்து எந்திரிச்சு, மீன் விக்கிற ஆச்சி பக்கத்துல போயி ஒடுங்கி உக்காந்தா. போனக் காதுல வச்சு, 'அப்பா, வந்துட்டேம்பா, ஸ்டாப்புலயே நில்லுங்க'ன்னா. ஸ்டாப்புல எந்த அப்பனும் நிக்கல. போனும் சும்மாதான் இருந்துச்சு. நீ அத வெக்கம்னு நெனச்சு ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, அதுக்கே ஒரு அவார்டு குடுக்கலாம்!

வெளையாட்டு இல்லலே. 1998-ல சென்னையில, ஆட்டோவுல வந்த பயலுக செஞ்ச சேட்டையில ஒரு காலேஜ் புள்ள உசுரே போச்சு. அதுக்கப்புறந்தான் ஈவ் டீசிங் தடைச் சட்டமே வந்துச்சு. 2013-ல, இஷ்டமில்லன்னு காட்டுன பெறகும் பின்னால போறதே குத்தம்னு தனிப் பிரிவு போட்டாங்க. மொதத் தடவைக்கு 3 வருசம் வரை ஜெயில், மறுபடி செஞ்சா 5 வருசம் வரைன்னு அப்ப வச்சாங்க. படத்துலயும் இடைவேளை உண்டுதான், இங்க விடுற இடைவேளை கொஞ்சம் நீளம்.

புடிச்சிருக்குன்னு ஒருக்க மரியாதையாச் சொல்லலாம், தப்பே இல்ல. சொன்ன, அவளும் பதில் சொல்லிட்டா. கதை அதோட முடிஞ்சுபோச்சு. நீதான் எந்திரிக்காம தியேட்டர்லயே உக்காந்திருக்க. நாளையில இருந்து அடுத்த பஸ்ஸுல வா மருமவனே. அதுல கூட்டமும் கம்மி.